வீட்டிலேயே வெல்டிங் பழகலாம்: எதை ஒட்டலாம், எதை ஒட்டக்கூடாது?

வாய்க்காலில் தண்ணீர் திறந்து உழவு மும்முரமாக நடக்கும் நேரத்தில்தான் கல்டிவேட்டரின் பட்டை விரிசல் விடும். மஞ்சள் வெட்டு தொடங்கிய வாரத்தில்தான் தள்ளுவண்டியின் கால் ஒடியும். வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே நமக்கு முன்னால் பத்துப் பேர் காத்திருப்பார்கள். அரைமணி நேர வேலைக்கு ஒரு நாள் போய்விடும். ஆகவே ஈரோடு, கோபி, பெருந்துறை வட்டாரங்களில் பல உழவர்கள் சொந்தமாக ஒரு வெல்டிங் மெஷின் வாங்கி வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள்.

இது நல்ல எண்ணமே. முன்பெல்லாம் வெல்டிங் மெஷின் என்றால் நான்கு பேர் சேர்ந்து நகர்த்த வேண்டிய எண்ணெய்த் தொட்டியாக இருந்தது. இன்று கிடைக்கும் இன்வெர்ட்டர் வகை மெஷின்களில் பல பத்து கிலோ எடைகூட இல்லை. ஓய்வு நேரத்தில் பழகி, ஓரிரு மாதங்களில் சிறு வேலைகளைத் தாமே செய்துகொள்ள முடியும். ஆனால் வெல்டிங் பழகுவதில் முதற்பாடம் ஒட்டுவது அல்ல. கையில் இருப்பது எந்த இரும்பு, அதை நாம் ஒட்டலாமா என்று அறிவதே முதற்பாடம். இதை அறியாமல் ஒட்டிய பாகம் பார்வைக்கு அழகாக இருக்கும்; பாரம் ஏறியபின் சாலையில் வைத்து முறியும்.

இரும்பெல்லாம் ஒன்றல்ல

இரும்பில் வகை உண்டு என்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. சென்னிமலைக்கு அருகில் நொய்யல் ஆற்றின் வடகரையில் உள்ள கொடுமணலில் 1985-ம் ஆண்டு முதல் நடந்த அகழாய்வுகளில், பண்டைக் காலத்தில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்களும், மூசையில் எஃகு செய்ததற்கான தடயங்களும் கிடைத்துள்ளன. இரும்பு வேறு, எஃகு வேறு என்பதை அந்தக் கைவினைஞர்கள் அறிந்திருந்தார்கள். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் அதில் கலந்துள்ள கரியின் அளவு.

ஆங்கிள், பட்டை, சேனல், ஸ்கொயர் பைப் ஆகியவை எம்.எஸ். எனப்படும் மென்இரும்பு. இதில் கரி 0.25 சதவீதத்துக்கு மேல் இராது. வெல்டிங்குக்கு இதுவே ஏற்றது. டிரெய்லரின் பட்டை ஸ்பிரிங், கல்டிவேட்டர் கொழு, ரோட்டவேட்டர் கத்தி போன்றவை கடினமான எஃகு. ஸ்பிரிங்கில் கரி 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கும். பழைய பம்பு உடல், கப்பி, என்ஜின் பிளாக் போன்றவை வார்ப்பிரும்பு. இதில் கரி 2 முதல் 4 சதவீதம் வரை உண்டு.

கரி மிகுந்த எஃகை ஒட்டினால் என்ன ஆகும்? கொல்லர் அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சிவந்த எஃகு திடீரென்று குளிர்ந்தால் கடினமாகிறது; கூடவே கண்ணாடி போல் நொறுங்கும் குணமும் வருகிறது. வெல்டு வைக்கும்போதும் இதுவே நடக்கிறது. ஒட்டிய இடத்துக்கு அடுத்த பகுதி சிவக்கிறது. சுற்றியுள்ள குளிர்ந்த எஃகு அந்தச் சூட்டை உடனே இழுத்துக்கொள்கிறது. வெல்டு கெட்டியாக இருக்க, அதை ஒட்டிய ஓரத்தில் மயிரிழை போல் விரிசல் விழும். பட்டறைக்காரர் முன்சூடு கொடுத்து, தனி ராடு போட்டு, மெதுவாக ஆறவிடுவது இதனால்தான்.

வகை தெரியாத துண்டைக் கிரைண்டரில் வைத்துப் பொறியைப் பார்க்க வேண்டும். மென்இரும்பின் பொறி நீண்டு நேராக ஓடும், வெடிப்பது குறைவு. கரி மிகுந்த எஃகின் பொறி மத்தாப்புப் போல் நுனியில் கிளை கிளையாகச் சிதறும். வார்ப்பிரும்பின் பொறி சிவந்து, குட்டையாக இருக்கும். ஒரு ஆங்கிள் துண்டு, ஒரு பழைய அரம், ஓர் உடைந்த பம்புச் சில்லு ஆகிய மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு, சந்தேகமான துண்டின் பொறியை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எளிதில் விளங்கும். கண்ணாடி அணியாமல் இதைச் செய்யக்கூடாது.

தேவையான பொருள்கள்

மெஷின், ஹோல்டர், எர்த் கிளிப், முகமூடி, தோல் கையுறை, கசடு தட்டும் சுத்தி, கம்பி பிரஷ், வெள்ளைக் கண்ணாடி ஆகியவை அவசியம். முகமூடியின் கறுப்புக் கண்ணாடி 10 அல்லது 11 எண்ணுள்ளதாக இருக்க வேண்டும். வெயிலுக்குப் போடும் கண்ணாடி உதவாது.

பழகுவதற்கு 6013 வகை ராடு நல்லது. எளிதில் பற்றும், கசடும் எளிதில் உரியும். ராடின் மேலுள்ள பூச்சு வெறும் மண் அல்ல. அது எரிந்து உண்டாகும் புகையும் கசடும் உருகிய இரும்பைக் காற்றுப் படாமல் காக்கின்றன. பூச்சு நனைந்தால் வெல்டில் பொத்தல் விழும். ஆகவே ராடுகளைப் பம்புசெட் அறையின் ஈரத்தில் போட்டுவைக்காமல், மூடியுள்ள டப்பாவில் வைப்பது நலம்.

2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர் வரையும், 3.15 மி.மீ. ராடுக்கு 90 முதல் 130 ஆம்பியர் வரையும் கரண்டு தேவை. வீட்டில் 16 ஆம்பியர் பிளக்கில் 2.5 மி.மீ. ராடோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பெரிய ராடு ஓட்டுவதானால் மின்பணியாளரைக் கொண்டு தடித்த ஒயரும், தனிச் சுவிட்சும், சரியான எர்த்தும் போட்டுக்கொள்ள வேண்டும். விவசாயத்துக்குத் தரப்படும் இலவச மின்சாரம் பம்புக்கு உரியது. அதில் வெல்டிங் மெஷினை மாட்டுவது விதிக்கு மாறானது.

கண்ணும் உயிரும்

மின்வில்லின் வெப்பம் 5,000 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேல். அதன் ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் கண்ணைத் தாக்கும். அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும்; நீர் வடியும். தாய்ப்பால் விடுவதும் உருளைக்கிழங்கு வைப்பதும் மருந்தல்ல. கண்ணைக் கசக்காமல், குளிர்ந்த துணி வைத்து, மருத்துவரிடம் செல்ல வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் குழந்தைகள் நின்று வேடிக்கை பார்க்க விடக்கூடாது.

நீர் பாய்ச்சிய ஈர மண்ணில் நின்று வெல்டிங் செய்யக்கூடாது. காய்ந்த பலகையின்மேல் நிற்க வேண்டும். வேர்வையில் நனைந்த கையுறையோடு ராடு மாற்றக்கூடாது. லுங்கியும் நைலான் சட்டையும் ஆகாது. முழுக்கைப் பருத்திச் சட்டை, முழுக்கால் சட்டை, மூடிய தோல் செருப்பு ஆகியவை வேண்டும்.

சோளத்தட்டுப் போர், கரும்புச் சோகை, ஓலைச் சாளை ஆகியவற்றிலிருந்து 35 அடியாவது தள்ளி வேலை செய்ய வேண்டும். ஒரு வாளித் தண்ணீரும் மணலும் பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் கரண்டை நிறுத்தாமல் மெஷின்மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. வேலை முடிந்தபின் அரைமணி நேரமாவது இருந்து, எங்காவது புகைகிறதா என்று பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

ஜி.ஐ. குழாயின் மேலுள்ள துத்தநாகப் பூச்சு ஆவியாகி மூச்சில் புகுந்தால், சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் போதும் என்று பட்டறைகளில் சொல்வது சரியல்ல. ஒட்டும் இடத்தைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்குப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, திறந்த வெளியில், காற்று வரும் பக்கம் முதுகு இருக்கும்படி நின்று செய்ய வேண்டும்.

பழகும் முறை

முதல் வாரம் எதையும் ஒட்ட வேண்டாம். 5 அல்லது 6 மி.மீ. கனமுள்ள பழைய தகடு ஒன்றைத் துருப்போகத் தேய்த்து, ஓர் அங்குல இடைவெளியில் சாக்பீசால் கோடுகள் போட வேண்டும். எர்த் கிளிப்பைச் சுத்தமான இடத்தில் இறுக்கி, தீக்குச்சி உரசுவதுபோல் ராடை உரசித் தூக்கினால் மின்வில் பற்றும். ராடு ஒட்டிக்கொண்டால் பதற்றப்படாமல் கையை முறுக்கி விடுவிக்க வேண்டும்; வராவிட்டால் ஹோல்டரிலிருந்து ராடை விட்டுவிட வேண்டும்.

ராடு நுனிக்கும் தகட்டுக்கும் இடைவெளி, ராடின் கம்பிக் கனம் அளவே இருக்க வேண்டும். ராடு எரிய எரியக் கையும் அதற்கேற்ப இறங்கி வரவேண்டும். ராடை நகரும் பக்கமாகச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, கோட்டின்மேல் ஒரே சீராக இழுக்க வேண்டும். ஒளியைப் பார்க்காமல், அதன் பின்னால் உருகி நிற்கும் குளத்தைப் பார்த்துப் பழக வேண்டும். எண்ணெயில் வடை பொரிவது போன்ற சீரான சத்தம் கேட்டால் சரியாகச் செல்கிறது என்று பொருள்.

ஆறியபின் வெள்ளைக் கண்ணாடி அணிந்து கசடைத் தட்டிப் பார்க்க வேண்டும். வெல்டு வரி கயிறு போல் குவிந்து நின்றால் கரண்டு குறைவு. ஓரங்களில் பள்ளம் விழுந்து, ராடும் சிவந்தால் கரண்டு மிகுதி. சுற்றிலும் பொட்டுப் பொட்டாகத் தெறித்து, வரியில் பொத்தல் இருந்தால் இடைவெளி அதிகம். வரி மெலிந்திருந்தால் கை வேகம். ஒரு தடவைக்கு ஒரு தவறை மட்டும் திருத்த வேண்டும். எல்லாவற்றையும் ஒருசேர மாற்றினால் எதனால் சரியாயிற்று என்று தெரியாது.

வரி சீராக வந்தபின், ஒரு பட்டையை மற்றொன்றின்மேல் ஏற்றி மூலையில் ஒட்டிப் பழகலாம். அடுத்து, இரண்டு பட்டைகளை 2 மி.மீ. இடைவெளியில் நேருக்கு நேர் வைத்து ஒட்டலாம். இரு முனைகளிலும் முதலில் பொட்டு வைத்துக்கொண்டால் இரும்பு கோணாது. நின்றவாக்கிலும் தலைக்கு மேலும் ஒட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உடைத்துப் பார்ப்பதே தேர்வு

ஒட்டிய துண்டை வைஸில் பிடித்து, சுத்தியால் அடித்து உடைத்துப் பார்க்க வேண்டும். இரும்பு கிழிந்து, உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தால் வெல்டு பிடித்திருக்கிறது. ஒரு பக்கம் வழவழவென்று தனியாகக் கழன்று வந்தால், உருகிய ராடு மேலே அமர்ந்திருந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. உள்ளே கறுப்புக் கசடு தெரிந்தாலும் தவறே. வெளியழகை நம்பக்கூடாது. பத்துத் துண்டுகள் தொடர்ந்து இத்தேர்வில் தேறும் வரை எந்தக் கருவியிலும் கை வைக்க வேண்டாம்.

தேறியபின் தண்ணீர் டிரம்முக்கு ஒரு தாங்கி, கட்டுத்தரைக்குத் தட்டுப் போடும் சட்டம், கிளுவை வேலிக்கு ஓர் இரும்புப் படல் எனத் தொடங்கலாம். இவை விட்டுப்போனாலும் ஆளுக்கு ஆபத்து குறைவு. டிராக்டரில் மாட்டும் கருவியை ஒட்டுவதானால் அதைக் கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட வேண்டும். எர்த் கிளிப்பை ஒட்டும் இடத்துக்கு அருகிலேயே மாட்ட வேண்டும். இல்லாவிடில் கரண்டு பேரிங் வழியாகச் சென்று அதைக் கெடுக்கும்.

பட்டறைக்கே விட வேண்டியவை

டிரெய்லரின் இழுவைக் கொக்கி, டிராக்டரின் இணைப்புக் கைகள், ஸ்பிரிங் பட்டை, ஏணி, ரோட்டவேட்டர் கத்தி, பம்பு உடல் ஆகியவற்றை வீட்டில் ஒட்டக்கூடாது. கரும்பு ஏற்றிய டிரெய்லர் மேட்டில் கழன்றால் பின்னால் வருபவர் உயிருக்கு யார் பொறுப்பு?

மஞ்சள் வேகவைக்கும் நீராவிக் கொதிகலனில் ஒரு சிறு கசிவு என்றாலும் தொடக்கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1,600 லிட்டர் நீராவியாக விரியும். வெல்டு விட்டால் அத்தனையும் ஒரே நொடியில் வெளியேறும். கொதிகலன் வெல்டிங் தனிப்பயிற்சியும் தேர்வும் பெற்றவர்களின் வேலை. திருச்சியில் பாரத மிகுமின் நிறுவனம் 1975-ம் ஆண்டு வெல்டிங் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் தொடங்கியது என்றால், அந்த வேலையின் பொறுப்பு எத்தகையது என்பது விளங்கும்.

டீசல், பெட்ரோல், பூச்சிமருந்து இருந்த டிரம் காலியாகத் தோன்றினாலும் உள்ளே ஆவி நிற்கும். ஒரு பொறி போதும், குண்டு போல் வெடிக்கும். கழுவிவிட்டோம் என்று நம்பி ஒட்டவோ வெட்டவோ கூடாது.

முறையாகக் கற்க விரும்பும் இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஓராண்டு வெல்டர் பயிற்சி உண்டு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அதற்கு நேரமில்லாத உழவர்கள், தெரிந்த பட்டறைக்காரரிடம் தாம் ஒட்டிய துண்டுகளைக் கொண்டுபோய்க் காட்டிக் குறை கேட்பது பெரும் பயன் தரும். மெஷின் வாங்கியதால் பட்டறை வேண்டாததாகி விடாது. சிறு வேலை தோட்டத்திலேயே முடியும். பெரிய வேலையை உரிய நேரத்தில் உரியவரிடம் கொண்டுபோகும் அறிவும் வரும்.