ஏலக்காய் வியாபாரிகளே, 20-ஆம் தேதியை மறக்காதீர்கள்!

குரங்கணிச் சரிவில் சொந்தத் தோட்டத்துக் காயை விற்கும் விவசாயிக்கு ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. அதையே வாங்கி விற்கும் போடி வியாபாரிக்கு, ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். போடிமெட்டு ஏறி கேரளத்துக்கு ஒரு மூட்டை விற்றாலும் அந்த வரம்பு செல்லாது. உலர்ந்த ஏலக்காய்க்கு வரி 5 சதவீதம்.

மாதந்தோறும் ரிட்டர்ன் போடுவோர் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்னோடு வரியைக் கட்ட வேண்டும். விற்றுமுதல் 5 கோடி வரை உள்ளவர்கள் காலாண்டு ரிட்டர்னைத் தேர்ந்தெடுக்கலாம். பலர் சறுக்குவது இங்கேதான். காலாண்டு என்பது ரிட்டர்னுக்கு மட்டும். முதல் இரண்டு மாத வரியை அந்தந்த மாதத்துக்கு அடுத்த 25-ஆம் தேதிக்குள் சலான் போட்டுக் கட்டியாக வேண்டும். ரிட்டர்னுக்குக் கெடு, காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 22.

சலான் 15 நாள் செல்லும். வங்கிக் கவுன்டரில் 10,000 ரூபாய் வரைதான் வாங்குவார்கள். வரி தாமதமானால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ரிட்டர்ன் தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் கட்டணம்.

காய் வரத்தும் விற்பனையும் இல்லாத மாதமா? அப்போதும் ‘நில்’ ரிட்டர்ன் போடுங்கள். விட்டால் நாளுக்கு 20 ரூபாய் ஏறும். நில் 3பி-யை எஸ்எம்எஸ்ஸிலேயே முடித்துவிடலாம், ஆடிட்டர் வீட்டு வாசலில் காத்திருக்க வேண்டாம்.