ரொட்டி மா எங்கிருந்து வருகிறது?

பன்வில மலைத் தோட்டத்துக் குடும்பமொன்று உள்நாட்டு விளைச்சலையே உண்பதெனத் தீர்மானித்தால், முதலில் கைவிட வேண்டியது கோதுமை ரொட்டியே. இலங்கையில் கோதுமை விளைவதில்லை, கப்பலில் வருகிறது. மைசூர்ப் பருப்பும் அப்படியே. எஞ்சுவன பலாக்காய், ஈரப்பலா, வற்றாளை, குரக்கன், மரவள்ளி. குறைவில்லைதான்! மரவள்ளியை மட்டும் மூடாமல் நன்கு அவித்து, நீரை வடிக்க வேண்டும், அதில் நஞ்சுண்டு.

ஆனால் நடுவதற்கு மண் எங்கே? 1973, 1974 ஆம் ஆண்டுகளில் இறக்குமதி உணவு சுருங்கியபோது, கிராமத்தவர் தம் காணியில் கிழங்கு நட்டனர். காணியற்ற தோட்டத்தவர் பலர் பட்டினியால் மாண்டனர். 2022 இல் மா விலை ஏறியபோதும் லயத்து அடுப்புகள் வாடின. 2015 இன் பின் சில குடும்பங்கள் வீட்டுக்கென ஏழு பேர்ச் காணி பெற்றன. வீடு போக மிஞ்சும் இடத்தில் ஒரு பலா நிற்கலாம். அதன் நிழலில் மரவள்ளி தேறாது.