மதுவிலிருந்து மீள்வோரும் மனமாற்றத்தின் படிகளும்

மதுப்பழக்கத்திற்கு ஆட்பட்ட ஒருவர் ஆலோசகரின் முன் வந்து அமர்ந்துவிட்டதனாலேயே, அதனைக் கைவிட அவர் முடிவு செய்துவிட்டார் என்று கொள்ளலாகாது. மனைவி வற்புறுத்தி அழைத்து வந்திருக்கலாம். இனி வேலைக்கு வர வேண்டாம் என்று மேஸ்திரி கூறியிருக்கலாம். வந்தவர் எந்த மனநிலையில் இருக்கிறார் என்பதை அறியாமல் கூறப்படும் அறிவுரை பெரும்பாலும் வீணாகிறது.

அமெரிக்க உளவியலாளர்களான ஜேம்ஸ் புரோச்சாஸ்கா, கார்லோ டிக்ளமென்டி ஆகிய இருவரும், புகைப்பழக்கத்தைத் தம் சொந்த முயற்சியால் மாற்றிக்கொள்ள முற்பட்ட 872 பேரை ஆராய்ந்து 1983ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மாற்றம் ஒரே நாளில் நிகழ்வதன்று, படிப்படியாக நிகழ்வது என்பது அதன் சாரம். பின்னர் செப்பம் செய்யப்பட்ட வடிவில் ஐந்து படிகள் கூறப்படுகின்றன: எண்ணமே எழாத நிலை, எண்ணிப் பார்க்கும் நிலை, ஆயத்த நிலை, செயல் நிலை, நிலைநிறுத்தும் நிலை. இப்படிகளின் எல்லைகள் ஓரளவு வலிந்து வகுக்கப்பட்டவை என்ற குறை ஆய்வாளரிடையே உண்டு. ஆயினும் களப்பணியாளருக்கு இது பயன்மிக்க கருவியே.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். பெங்களூரில், பல தலைமுறைகளாகத் தமிழர் வாழ்ந்து வரும் அல்சூர்ப் பகுதியை அடுத்த ஜோகுபாளையத்தில் ஒரு கட்டடத் தொழிலாளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். “உடம்பு வலிக்குக் குடிக்கிறேன், யாரிடமும் கடன் வாங்கிக் குடிக்கவில்லை” என்பது அவர் வாதம். இவர் முதற்படியில் இருப்பவர். இவரிடம் கல்லீரலின் படத்தைக் காட்டி அச்சுறுத்தினால், குடியை ஆதரித்து மேலும் வலுவாக வாதிடுவாரேயன்றி மாறமாட்டார். வில்லியம் மில்லர் 1983இல் முன்வைத்து, பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து வளர்த்த ஊக்கமூட்டும் உரையாடல் முறை இதற்கு நேர்மாறானது. மாற்றத்திற்கான காரணங்களை ஆலோசகர் சொல்வதில்லை. வந்தவர் வாயிலிருந்தே அவை வெளிப்படுமாறு வினவுகிறார்.

இரண்டாம் படியில் இருப்பவருக்குக் குடியின் வரவு செலவுக் கணக்கை அவர் கையாலேயே எழுதச் செய்வது நற்பயன் தரும். வரவுப் பக்கத்தையும் நேர்மையாக எழுதச் செய்ய வேண்டும். களைப்பு நீங்குவதும் நண்பர் கூட்டமும் அவருக்கு மெய்யான ஆதாயங்களே. பொருளாதாரம் பயின்றோர் இதில் ஒன்றை எளிதில் காண்பர். இன்று மாலை கிட்டும் சிறு இன்பம் பெரிதாகவும், அடுத்த ஆண்டு வரும் பெருநட்டம் சிறிதாகவும் தோன்றுவது மனித இயல்பு. ஆகவே, பத்தாண்டுகளுக்குப் பின் வரக்கூடிய நோயைக் காட்டிலும், இவ்வாரக் கூலியில் வீடு வந்து சேராத தொகையே கணக்கில் முதலிடம் பெற வேண்டும்.

ஆயத்த நிலையில் ஒரு எச்சரிக்கை இன்றியமையாதது. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, சித்தக் குழப்பம் ஆகியவை தோன்றலாம். உயிருக்கே ஆபத்தும் நேரலாம். முதல் சில நாட்கள் மருத்துவர் கண்காணிப்பில் கழிய வேண்டும். கோயிலில் சத்தியம் செய்து அன்றே நிறுத்துமாறு குடும்பத்தார் வற்புறுத்துவது, நல்லெண்ணத்தில் செய்யப்படினும், இக்காரணத்தால் தீங்காக முடியக்கூடும்.

செயல் நிலைக்கு வந்தவர் மீண்டும் குடித்துவிடுவது சாதாரணமாகக் காணப்படுவதே. சம்பள நாள், திருமணம், சாவு வீடு, சண்டை என்று அதற்கான தருணங்களும் பெரும்பாலும் முன்கூட்டியே அறியத்தக்கவை. மீண்டும் குடித்தவர் முதற்படிக்கே விழுந்துவிடுவதில்லை. பலர் எண்ணிப் பார்க்கும் நிலைக்கே திரும்புகின்றனர். அவ்வேளையில் ஆலோசகர் கடிந்துகொண்டால் அவர் வெட்கத்தால் மறுமுறை வரமாட்டார். எந்த நாளில், யாருடன், எதன்பின் குடித்தார் என்று விசாரித்து அடுத்த முறைக்கு வழி வகுப்பதே பணி.

நமது நிர்வாக முறை இவ்விடத்தில்தான் இடறுகிறது. மறுவாழ்வு மையங்களின் பணியை, சேர்க்கப்பட்டோர், அனுப்பப்பட்டோர் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது எளிது. ஆனால், வீடு திரும்பியபின் வரும் மாதங்களே கடினமானவை. மத்திய சமூக நீதி அமைச்சகத்திற்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துவோர்; மதுவைச் சார்ந்து வாழும் நிலையை அடைந்தோரில் 38 பேரில் ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றிருந்தார். ஜோகுபாளையத்து எளியவருக்கு ஒசூர் சாலையின் நிம்ஹான்ஸ் மருத்துவமனை எட்டாத தொலைவன்று. ஆயினும் ஒருநாள் கூலியை இழந்து அவர் அங்கு மாதந்தோறும் சென்றாக வேண்டும். இச்செலவு எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் இடம்பெறக் காணோம்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு ஒரு விடை கண்டது. நோயாளியை நகருக்கு அழைப்பதற்குப் பதிலாக, தஞ்சைத் தரணியின் மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களுக்கே சென்று சிகிச்சை முகாம்கள் நடத்தியது. மருத்துவமும் ஆலோசனையும் அங்கேயே அளிக்கப்பட்டன, குடும்பத்தாரும் பங்கேற்றனர், முகாம் முடிந்தபின் தொடர் சந்திப்புகளும் அங்கேயே நிகழ்ந்தன. மீண்டவரை அண்டை வீட்டார் நாள்தோறும் காண்பதால், அவரைப் பார்த்துப் பிறரும் சிகிச்சைக்கு வர முன்வருவது இம்முறையின் தனிச்சிறப்பு. நகரத்துக் குடியிருப்புகளில் மாலை வேளையில், கூலி இழப்பின்றி, இத்தகைய தொடர் சந்திப்புகளை நடத்த மானிய விதிகள் இடமளித்தல் வேண்டும். ஓராண்டுக்குப் பின்னும் எத்தனை பேர் சந்திப்புக்கு வந்துகொண்டிருக்கின்றனர் என்ற ஒரு பத்தியை மையங்களின் மாதாந்திர அறிக்கைப் படிவத்தில் சேர்ப்பதற்குப் புதிய நிதி எதுவும் தேவையில்லை.