வெள்ளிப் படலம் காட்டிய நான்கு எழுத்துகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

கல்லூரி நுண்ணோக்கியில் பெரிதாக்கப் பெரிதாக்க உருவம் மங்கிக்கொண்டே போகிறது, இதைவிட நல்ல லென்ஸ் செய்யவே முடியாதா அத்தை என்று கேட்டிருந்தாய். லென்ஸைக் குறை சொல்லாதே. ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதியைவிட நெருங்கி நிற்கும் இரண்டு புள்ளிகளைச் சாதாரண நுண்ணோக்கி பிரித்துக் காட்டாது என்று எர்ன்ஸ்ட் அப்பே 1873-லேயே சொல்லிவிட்டார். பச்சை ஒளிக்கு அந்த எல்லை சுமார் 200 முதல் 250 நானோமீட்டர்.

ஏன் என்கிறாயா? மிக நுண்ணிய விவரங்களைச் சுமக்கும் அலைகள் பொருளின் பரப்பை விட்டுப் புறப்படுவதே இல்லை. பரப்பை ஒட்டியே இருந்து, ஓர் அலைநீளத் தூரத்துக்குள் தேய்ந்துவிடுகின்றன. தன்னிடம் வந்து சேராத செய்தியை லென்ஸ் எப்படிக் காட்டும்? பிடிப்பதானால் பொருளுக்குப் பக்கத்திலேயே பிடிக்க வேண்டும்.

பிலிம் காலத்து பிளேட் வேலையைப் பற்றி உன் அப்பாவிடம் கேள். சிவகாசி அச்சகங்களுக்கு, கணினியிலிருந்து நேராகப் பிளேட் எடுக்கும் சி.டி.பி. வருவதற்கு முன், பிலிமையும் பிளேட்டையும் கண்ணாடிக்கு அடியில் வைத்துக் காற்றை உறிஞ்சி, இரண்டும் நன்றாக ஒட்டிய பிறகே புற ஊதா விளக்கைப் போடுவார்கள். நடுவே ஒரு தூசி இருந்தாலும் அந்த இடத்தில் புள்ளிகள் பரவி, காலண்டர் முருகனின் கன்னம் கறுத்துவிடும். அங்கே பரவக் காரணம் சாய்ந்து நுழையும் ஒளி; நான் சொல்லும் அளவில் காரணம் வேறு. இடைவெளி கூடினால் விவரம் போய்விடும் என்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

தேய்ந்துபோகும் அந்த அலைகளை மீட்கும் வழி வேறொரு கணக்கிலிருந்து வந்தது. எதிர்க்குறி ஒளிவிலகல் எண் கொண்ட பொருள் இருந்தால் ஒளி எப்படி நடந்துகொள்ளும் என்று ரஷ்யாவின் வெசெலாகோ 1967-இல் கணக்குப் போட்டார். அப்படிப்பட்ட ஒரு தகடு, தேயும் அலைகளைக்கூட வளர்த்து மீட்டுவிடும் என்று 2000-இல் ஜான் பெண்ட்ரி காட்டினார். பொருள் மிக அருகில் இருந்தால் மெல்லிய வெள்ளிப் படலமே போதும் என்றும் சொன்னார்.

2005-இல் பெர்க்லியில் சியாங் ஜாங் குழு இதைச் செய்தே பார்த்தது. குரோமியப் படலத்தில் ‘நானோ’ என்ற ஆங்கிலச் சொல்லை 40 நானோமீட்டர் அகலக் கோடுகளால் வெட்டினார்கள். அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு, அதற்கு மேல் 35 நானோமீட்டர் வெள்ளி, மேலே ஒளி பட்டால் மாறும் பூச்சு. அடியிலிருந்து 365 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சினார்கள். பதிந்த கோட்டின் அகலம் 89 நானோமீட்டர். வெள்ளி இல்லாமல் செய்தபோது அதே கோடு 321 நானோமீட்டருக்குப் பரந்துவிட்டது. பிளேட் போடும் வீட்டில் பிறந்த உனக்கு இந்த அடுக்கு முறை அந்நியமாகத் தோன்றாது.

ஆனால் இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படும் மெட்டாமெட்டீரியல் என்று தனி வெள்ளிப் படலத்தைச் சொல்ல முடியாது. அலைநீளத்தைவிடச் சிறிய அமைப்புகளை நாமே அடுக்கி, இயற்கைப் பொருளில் இல்லாத பண்பை வரவழைப்பதுதான் அது. பொருளுக்கு நிகராக வடிவமும் அங்கே வேலை செய்கிறது. ஜகதீஷ் சந்திர போஸ் 1898-இலேயே முறுக்கிய சணல் நாரைக் கொண்டு மின்காந்த அலையின் முனைவாக்கத் தளத்தைத் திருப்பினார். இடம் வலமாக முறுக்கை மாற்றினால் திரும்பும் திசையும் மாறியது. அதே ஆண்டுதான் நம் வத்திராயிருப்பில் கே.எஸ். கிருஷ்ணன் பிறந்தார். ராமன் விளைவைக் கண்டறிவதில் ராமனுக்குத் துணை நின்றவர் என்பது உனக்குத் தெரியும். பின்னர் டாக்காவில் அவர் ஆராய்ந்தது, படிகங்களின் காந்தப் பண்பு திசைக்குத் திசை மாறுவதை. அந்த வேலையை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

திசைக்கு ஒரு குணத்தை நாமே செய்து வைக்கலாம். 2007-இல் வெள்ளியையும் அலுமினியம் ஆக்சைடையும் மாற்றி மாற்றி வளைவாக அடுக்கி ஹைப்பர்லென்ஸ் செய்தார்கள். 150 நானோமீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு கோடுகள் அதைக் கடந்து 350 நானோமீட்டருக்கு விரிந்து, சாதாரண நுண்ணோக்கிக்கே தனித்தனியாகத் தெரிந்தன.

செய்வதுதான் கடினம். வெள்ளியை மிக மெல்லிதாகப் படியவைத்தால் தொடர்ச்சியாகப் பரவாமல் திட்டுத் திட்டாகத் திரளும். பரப்பு சிறிது சொரசொரத்தாலும் ஒளி சிதறும். அதோடு வெள்ளியே ஒளியை உறிஞ்சும். ஒரே தடித்த படலத்தைப் பல மெல்லிய படலங்களாகப் பிரித்தால் இந்த இழப்பின் பாதிப்பு குறையும் என்று அனந்த ராமகிருஷ்ணா பெண்ட்ரியுடன் சேர்ந்து ஆராய்ந்தார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பல ஆண்டுகள் இத்துறையை வளர்த்தவர் அவர். பொருள் லென்ஸை ஒட்டியே இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் இருக்கிறது. அதனால்தான் செல்லை ஆராய்பவர்கள் இன்று பெரும்பாலும், 2014-இல் நோபல் பெற்ற ஒளிரும் மூலக்கூறு முறைகளை நாடுகிறார்கள். அதைப் பார்த்து நீ பின்வாங்க வேண்டியதில்லை; இழப்பைக் குறைக்கும் வேலை இன்னும் முடியவில்லை.

அடுத்த பருவத்தில் மாக்ஸ்வெல் சமன்பாடுகள் வரும். எல்லை நிபந்தனைகளைத் தாண்டிப் போய்விடாதே. ஒரு படலத்தின் விடுதிறனுக்கு எதிர்க்குறி கொடுத்து, தேயும் அலையை அதற்குள் அனுப்பி நீயே கணக்கிடு. எந்த வரியில் சிக்கினாலும் அந்தத் தாளை அப்படியே எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அத்தை