டிரம்முக்குள் புகுந்த ஆறு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டபோது நெல்லையின் சிந்துபூந்துறையிலும் மீனாட்சிபுரத்திலும் வாசலில் நின்ற கார்களெல்லாம் தண்ணீரில் கிடந்தன. வெள்ளம் என்றாலே எஞ்சினைப் பற்றித்தான் பேச்சு. பின்சக்கர டிரம் பிரேக்கைக் கேட்டால், "வெயில்ல ரெண்டு நாள் நின்னா காய்ஞ்சிரும்லா அண்ணாச்சி" என்பார்கள்.

மழைநீர் மட்டும் என்றால் அது பாதி சரி. மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாக மிதித்தால் சூட்டில் ஈரம் போய்விடும். ஆற்று வெள்ளமோ வண்டலையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. மூடிய டிரம்முக்குள் போன சேறு தானாக வெளியேறாது. லைனிங்குக்கும் டிரம்முக்கும் நடுவே மணல் அரைபட்டு டிரம்மில் கோடு விழும். அட்ஜஸ்டர் மரையில் துரு ஏறும். ஹேண்ட் பிரேக் போட்டபடி மூழ்கிய வண்டியில் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. கழற்றித்தான் பார்க்க வேண்டும். அடுத்த முறை வெள்ள எச்சரிக்கை வந்தால் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிடுங்கள்.

லைனிங்கில் பிரேக் ஆயில் பட்டிருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்ப மாட்டுவது இன்னொரு வழக்கம். மேல்பரப்பு பளிச்சென்றாகும், உள்ளே ஊறியது சூடானதும் மறுபடி கசியும். வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே நனைந்திருந்தால் குற்றவாளி அதுதான். அதை விட்டுவிட்டு, லைனிங் ஒட்டிய புது பிரேக் ஷூ போட்டால் அதுவும் நனையும். செலவைப் பார்த்து ஒரு பக்கம் மட்டும் ஷூ மாற்றவும் கூடாது; பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

கம்ப்ரசர் காற்றடித்துப் புழுதி போக்குவதுதான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பழக்கம். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். மூக்கில் கட்டிய துண்டு அதைத் தடுக்காது. பிரேக் கிளீனரும் ஈரத்துணியும் போதும்.

கோடு விழுந்த டிரம்மை லேத்தில் கொடுத்துக் கடையலாம்தான், எத்தனை முறை வேண்டுமானாலும் அல்ல. அதிகபட்ச உள்விட்டம் பெரும்பாலும் டிரம்மிலேயே பொறித்திருக்கும். அதைத் தாண்டினால் புது டிரம்தான்.

"பிரேக் ஆயில் குறையலையே, எதுக்கு மாத்தணும்?" என்பார்கள். அளவு குறையாமலே அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155. பாபநாசத்திலிருந்து காரையாறு போய்விட்டு, பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் மலையிறங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம். மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும், ஆயிலும் கொதித்துக் குமிழ் விட்டால் பெடல் தரையைத் தொடும். இரண்டாம் கியரில் இறங்குங்கள்.