அப்பா வண்டிக்கு எந்த ஷாக்?

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கத் தோழர்கள் கேட்டார்கள். எனக்குக் கவிதை வராது. மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறவன், கைபட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றை எழுதுகிறேன். பைக்கின் பின்பக்க ஷாக் அப்சார்பரை மாற்றும்போது எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் விஷயம். தெரிந்துகொண்ட விதம் கொஞ்சம் கசப்பானது.

எங்க அப்பாவுக்கு மீன் வியாபாரம். விடிகாலையில் நாகப்பட்டினம் துறைமுகத்தில் மீன் எடுத்து, ஐஸ் போட்ட பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு கீழ்வேளூர் பக்கத்துக் கிராமங்களுக்குப் போவார். பெட்டி நிறைந்தால் 70 கிலோ. வண்டி பழைய 100 சிசி. போன வருஷம் ஷாக் இரண்டிலும் ஆயில் கசிந்து, பள்ளத்தில் இறங்கினால் 'டங்'கென்று இடிக்க ஆரம்பித்தது. மெக்கானிக் அண்ணன், "புதுசு எதுக்கு? சீல் மாத்தி ஆயில் ஊத்தி, தடி ஸ்பிரிங்கா போட்டுடலாம்" என்றார். அப்பா என்னைப் பார்த்து, "நீ படிக்கிற புள்ள, சொல்லு தம்பி" என்றார். எங்க குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருத்தன்தான். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "தடியா இருந்தா நல்லதுதாம்பா" என்று சொல்லிவிட்டேன்.

லோடோடு போகும்போது நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் காலிப் பெட்டியோடு திரும்பும்போது, ரோட்டில் ஒட்டுப் போட்ட மேட்டில் பின்சக்கரம் துள்ளி அப்பா விழுந்துவிட்டார். தோள்பட்டை இறங்கிவிட்டது. 22 நாள் வியாபாரம் இல்லை. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது.

அந்த மாதமே நம் லேபில் ஸ்பிரிங் டெஸ்ட் வந்தது. எடையை ஏற்றி, எத்தனை மி.மீ. அமுங்குகிறது என்று குறித்து ரெக்கார்டு நோட்டில் கிராப் போடுவோமே, அதேதான். பார்முலாவும் எல்லாருக்கும் மனப்பாடம். கம்பி விட்டத்தின் நான்காம் படியை ஜி-யால் பெருக்கி, காயிலின் சராசரி விட்டத்தின் மும்மடி, சுற்றுகளின் எண்ணிக்கை, 8 இவற்றின் பெருக்குத்தொகையால் வகுக்க வேண்டும். நான்காம் படி! இதைத்தான் நான் பரீட்சைக்கு மட்டும் படித்திருந்தேன்.

வீட்டில் கிடந்த பழைய ஸ்பிரிங்கை வெர்னியரில் அளந்தேன். கம்பி 7 மி.மீ., காயில் சராசரி விட்டம் 48 மி.மீ., வேலை செய்யும் சுற்று 15. ஸ்பிரிங் ஸ்டீலுக்கு ஜி சுமார் 80,000 நியூட்டன் / சதுர மி.மீ. கணக்குப் போட்டால் ஒரு மி.மீ. அமுக்க 14.5 நியூட்டன் வேண்டும். புதிதாகப் போட்ட தடி ஸ்பிரிங்கில் கம்பி 8 மி.மீ.; மற்ற இரண்டும் ஏறக்குறைய அதே அளவு. அதற்கு 24.7 நியூட்டன். ஒரே ஒரு மி.மீ. தடிப்பு, 70 சதவீதம் கடினம். கையால் தொட்டுப் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

சரி, கடினமானால் ஏன் விழ வேண்டும்? ஸ்பிரிங் எடையைத் தாங்கும், அவ்வளவுதான். அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப எகிறும்போது பிடித்து நிறுத்துவது உள்ளே இருக்கும் ஆயில். பிஸ்டனின் சின்னத் துளை வழியாக ஆயில் கஷ்டப்பட்டுப் போவதால்தான் அந்த வேகம் வெப்பமாகிக் கரைகிறது. அந்தத் துளையும் வால்வும் பழைய ஸ்பிரிங்குக்கு ஏற்றபடி கம்பெனியில் வைத்தது. ஸ்பிரிங்கை மட்டும் 1.7 மடங்கு ஆக்கினால், தணிப்பு விகிதம் அதன் வர்க்கமூலத்தால் குறைந்து, கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும். பெட்டியும் காலி என்றால் சக்கரம் மேட்டில் அமுங்காமல் வண்டியையே தூக்கிவிடும், பிறகு பந்து மாதிரி குதிக்கும். அப்பா விழுந்தது அங்கேதான்.

இன்னொரு தவறான நம்பிக்கை. ஷாக் அடியில் இருக்கும் படிப்படியான காலரைச் சுற்றி ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்பார்கள். ஆகாது. உட்காரும் உயரம்தான் மாறும். கம்பியும் சுற்றும் அதேதானே?

ஆகவே வாங்கப் போகும் முன் பழசைக் கழற்றி அளக்க வேண்டும். முதலில் மேல் கண்ணின் மையத்திலிருந்து கீழ்க் கண்ணின் மையம் வரை நீளம். எங்களுடையது 320 மி.மீ. பார்க்க எடுப்பாக இருக்கிறது என்று 20 மி.மீ. நீளமானதை மாட்டினால் பின்பக்கம் தூக்கி, முன் போர்க் நிமிர்ந்து, ஹேண்டில் பதற்றமாகத் திரும்பும். சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகம் சாயும், சென்டர் ஸ்டாண்டில் போட்டால் பின்சக்கரம் தரையைத் தொடும். குட்டையானதை மாட்டினால் டயர் மட்கார்டில் உரசும். அடுத்தது புஷ் விட்டம். மேலும் கீழும் ஒரே போல்ட் என்று நினைக்காதீர்கள், இரண்டையும் தனித்தனியாக அளக்கவும்.

பெரிய வண்டி ஷாக்கை நம்ம வண்டியில் மாட்டலாமா என்று ஹாஸ்டலில் தினமும் விவாதம் நடக்கும். கண் பொருந்தினாலும், ஷாக் சாய்ந்து நிற்கும் கோணம் வேறு. ஷாக் 30 டிகிரி சாய்ந்திருந்தால் ஆக்ஸிலில் கிடைக்கும் பலம் காஸ் 30-இன் வர்க்கம், அதாவது முக்கால் பங்குதான். அதே ஷாக் அந்த வண்டியில் ஒரு மாதிரி, நம் வண்டியில் வேறு மாதிரி. பின்னால் சிலிண்டர் ஒட்டிய கேஸ் ஷாக் என்றால் நைட்ரஜன் அழுத்தம் ஆயிலை நுரைக்க விடாது, அது நல்ல விஷயம்தான். ஆனால் நீளமும் ஸ்பிரிங்கும் பொருந்தாவிட்டால் கேஸ் இருந்து என்ன பயன்?

எங்கள் வண்டிக்குக் கணக்கு இப்படி வந்தது. சாய்வு 30 டிகிரி, ஷாக் இரண்டு. பழைய 7 மி.மீ. ஸ்பிரிங் என்றால் 70 கிலோ பெட்டிக்கு மட்டும் பின்பக்கம் 32 மி.மீ. இறங்கும். அப்பா எடையும் சேர்ந்தால் பள்ளத்தில் அடி தட்டும். 8 மி.மீ. என்றால் 19தான். நடுவில் 7.5 மி.மீ. கம்பி என்றால் 24. அப்படி ஸ்பிரிங்கும், அதற்கேற்ற ஆயில் தணிப்பும் உள்ள 320 மி.மீ. ஜோடி கிடைக்கும் வரை நாகப்பட்டினத்தில் நாலு கடை ஏறி இறங்கினேன். கடைக்காரர்கள் வெர்னியரைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு கடையில் கம்பெனி பெயர் மட்டும் அச்சடித்த அட்டையில், சீல் இல்லாமல் ஒரு ஜோடி இருந்தது. விலை பாதி. கையால் அமுக்கிப் பார்த்தேன். நல்ல ஷாக் அமுங்கும்போது ஓரளவு இளகி, திரும்பி வரும்போது மெதுவாக வர வேண்டும். அது இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வந்தது. வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒன்று மட்டும் கசிந்தாலும் ஜோடியாகவே மாற்றவும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் ஸ்விங் ஆர்ம் முறுக்கப்படும்.

மாட்டியபின் சீட்டை அமுக்கி விட்டுப் பார்த்தேன். ஒரு முறை எழுந்து நின்றது, இரண்டாம் ஆட்டம் இல்லை. அப்பா காலிப் பெட்டியோடு ஒரு சுற்று, அடுத்த நாள் லோடோடு ஒரு சுற்று போய் வந்தார். "இப்பதாண்டா வண்டி தரையில போவுது" என்றார்.

அப்புறம் நான் யோசிக்காத ஒன்றை அவர் சொன்னார். "ரெண்டுல இடது பக்கம்தான் எப்பவும் மொதல்ல கசியுது, ஏன் தெரியுமா?" குனிந்து பார்த்தேன். பெட்டியின் வடிகால் ஓட்டை இடது பக்கம். உப்பும் ஐஸ் தண்ணியும் சொட்டுச் சொட்டாக ஷாக் ராடில் விழுந்து, குரோமியத்தைப் பொரித்து, அந்தச் சொரசொரப்பு சீலை அறுத்திருக்கிறது. வலதுக்கும் கொஞ்சம் தெறிக்கிறது. என் கணக்கில் உப்பே வரவில்லை. அப்பா பழைய சைக்கிள் டியூபில் ஒரு முழம் வெட்டி, அந்த ஓட்டையில் செருகி, டயருக்கும் படாமல் வெளியே தண்ணி போகிற மாதிரி கட்டிவிட்டார். தினமும் வீட்டுக்கு வந்ததும் இரண்டு ஷாக்கிலும் ஒரு சொம்பு நல்ல தண்ணி ஊற்றுவது இப்போது என் தங்கையின் வேலை.