செர்ரி பீர் புளிக்கலாமா?

கேள்வி: பெல்ஜியத்தில் லூவன் நகரில் வேலை பார்க்கிறேன். வந்த புதிதில் ஒரு கடையில் செர்ரி பீர் வாங்கிக் குடித்தேன். நல்ல சிவப்பு, நல்ல தித்திப்பு. ஆனால் குடித்து முடிக்கும்போது இருமல் மருந்து ஞாபகம் வந்துவிட்டது. போன வாரம் அலுவலக நண்பர் ஒருவர், ‘இதுதான் அசல்’ என்று சொல்லி, கார்க் அடைத்த பாட்டில் ஒன்றைத் திறந்தார். ஒரு வாய் குடித்ததும் பல் கூசிவிட்டது. இனிப்பு துளியும் இல்லை. வாசனையோ குதிரை லாயத்துக்குள் நுழைந்த மாதிரி. அது கெட்டுப்போன பாட்டிலா? இல்லையென்றால் அதை எப்படி ருசிப்பது? அவர் தந்த இன்னொரு பாட்டில் வீட்டில் இருக்கிறது. எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்?

பதில்: கெட்டுப்போகவில்லை. பல்கூச்சம், இனிப்பில்லாத வாய், லாயத்து வாசனை என்று நீங்கள் குறையாக எழுதியிருக்கும் மூன்றுமே பழைய முறையில் செய்த ‘க்ரீக்’ என்ற செர்ரி பீரின் லட்சணங்கள்தான்.

க்ரீக்குக்கு அடிப்படை லாம்பிக் என்ற பீர். பிரஸ்ஸல்ஸிலும், அதற்குத் தென்மேற்கே ஸென் ஆற்றை ஒட்டிய கிராமங்களிலும் செய்கிறார்கள். முளைகட்டிய பார்லியோடு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முளைகட்டாத கோதுமை சேரும். காய்ச்சிய சாற்றில் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. ஆழமில்லாத அகலத் தொட்டியில் ராத்திரி முழுக்கத் திறந்தபடி ஆறவிடுகிறார்கள். காற்றிலும் பீப்பாய் மரத்திலும் குடியிருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தாமாக வந்து சேர்ந்து நொதிக்க வைக்கின்றன. வெயில் காலத்தில் வேண்டாத கிருமிகள் பெருகிவிடும் என்பதால், அக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான குளிர் மாதங்களில்தான் இந்த வேலை நடக்கும். 1900-இல் தொடங்கிய கான்டிலோன் ஆலை இன்றும் இப்படித்தான் காய்ச்சுகிறது. பிரஸ்ஸல்ஸ் தெற்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். உள்ளே அருங்காட்சியகமும் இருக்கிறது. லூவனில் இருந்துகொண்டு அந்தத் தொட்டியைப் பார்க்காமல் இருக்காதீர்கள்.

பீப்பாயில் பல மாதம் கிடந்து முதிர்ந்த லாம்பிக்கில், கோடையில் பழம் பழுத்ததும் புளிப்புச் செர்ரியைக் கொட்டையோடு போடுகிறார்கள். லிட்டருக்கு 200 கிராம் என்பது பழைய கணக்கு. அதைவிட அதிகமாகப் போடுகிறவர்களும் உண்டு. மாதக்கணக்கில் ஊறும்போது பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் தின்று தீர்த்துவிடுகிறது. மிஞ்சுவது சதையின் புளிப்பு, தோலின் துவர்ப்பும் நிறமும், கொட்டையின் மணம். இனிப்பு போன பிறகு ஒரு பழத்தில் என்ன இருக்கிறது என்று காட்டுவதுதான் இந்தப் பீரின் அழகு. என்னைக் கேட்டால், அதற்காகவே இதைக் குடிக்க வேண்டும்.

நமக்கு இதில் ஒரு தடங்கல் உண்டு. ஊரில் பேக்கரி கேக்கின் உச்சியில் வைக்கும் ‘செர்ரி’ பெரும்பாலும் களாக்காய். பாகில் ஊறவைத்துச் சிவப்பு ஏற்றியது. செர்ரி என்றதும் நாக்கு அந்தப் பாகைத்தான் தேடுகிறது. க்ரீக்குக்குப் பேர்போனதோ பிரஸ்ஸல்ஸின் ஸ்கார்பேக் பகுதிப் பழம்: சின்னது, கருஞ்சிவப்பு, கடும்புளிப்பு. அந்தத் தோப்புகள் இருந்த இடத்தில் இப்போது வீடுகள். மரங்கள் குறைந்துபோனதால் போலந்து போன்ற நாடுகளிலிருந்து வரும் புளிப்புச் செர்ரியைப் பலரும் பயன்படுத்துகிறார்கள்.

இருமல் மருந்து விஷயத்தில் உங்கள் மூக்கு சரியாகவே வேலை செய்திருக்கிறது. செர்ரி வாசனைக்கு முக்கியக் காரணம் பென்சால்டிஹைடு என்ற பொருள். பாதாம் எசென்ஸின் மணமும் அதுதான். செர்ரி வாசனை சேர்த்த மருந்துகளிலும் அதுதான். பழைய முறை க்ரீக்கில் அது கொட்டைக்குள்ளிருந்து மெதுவாகக் கசிந்து, புளிப்புக்குப் பின்னால் அடக்கமாக நிற்கும். இனிப்பு தூக்கலாக இருக்கும் வகைகளில் அதுவே முன்னால் வந்து நின்றால், சர்க்கரையும் சேர்ந்து மருந்து சிரப்பை நினைவூட்டிவிடும். அதற்காக இனிப்பு க்ரீக் எல்லாமே போலி என்று சொல்ல மாட்டேன். லிண்டமன்ஸ் க்ரீக் லாம்பிக்கில் செர்ரிச் சாறு சேர்த்துச் செய்வது. ஆல்கஹால் வெறும் 3.5 சதவீதம். நன்றாகக் குளிரவைத்து, கருப்பு சாக்லேட்டோடு குடித்தால் நன்றாகவே இருக்கும். அது வேறு பானம், அவ்வளவுதான்.

லாயத்து வாசனை பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்டின் கைவரிசை. தோல், வைக்கோல், ஈரமண் எல்லாம் கலந்து அடிக்கும். பெரும்பாலான ஒயின்காரர்கள் இதைக் குறை என்று விரட்டுவார்கள்; லாம்பிக்காரர்கள் வளர்க்கிறார்கள். அளவோடு இருந்தால் பழத்துக்கு ஓர் ஆழம் கொடுக்கும்.

இனி ருசிப்பதற்கு வருவோம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரைமணி நேரம் வெளியே வையுங்கள். 10, 12 டிகிரிக்கு வந்தால்தான் மணம் எழும். பாட்டிலைக் குலுக்காமல், கண்ணாடி டம்ளரைச் சாய்த்து மெதுவாக ஊற்றுங்கள். அடியில் இருக்கும் மண்டி பாட்டிலிலேயே நிற்கட்டும். ரோஜா நிற நுரை எழுந்து சீக்கிரமே அடங்கும். அது அடங்கும்போது முகர்ந்து பாருங்கள். முதலில் லாயம், அதன் பின்னால் பழத்தோல். முதல் வாய் புளிப்புக்கே போய்விடும். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கொஞ்சம் ரொட்டி கடித்துக்கொண்டு இரண்டாவது வாயை நாக்கில் சற்று நேரம் நிறுத்துங்கள். எச்சில் ஊறும், புளிப்பு தணியும், சதையின் சுவை தெரியும். விழுங்கிய பிறகு ஈறில் லேசாகத் துவர்ப்பு பிடிக்கும். வாயை மூடி மூக்கால் மூச்சு விட்டால் பாதாம் மணம் மெல்ல வரும். அதுதான் கொட்டை. முதல் டம்ளரில் அது பிடிபடாவிட்டாலும் பரவாயில்லை. டம்ளர் இன்னும் கொஞ்சம் சூடேறட்டும். தொட்டுக்கொள்ள, அந்த ஊர்க்காரர்கள் செய்வதுபோல ரொட்டியில் வெள்ளைப் பாலாடைக்கட்டியைத் தடவி முள்ளங்கி வில்லைகளை அடுக்கிக்கொள்ளுங்கள்.

உண்மையில் கெட்டது எது என்றும் தெரிந்திருக்க வேண்டும். நல்ல க்ரீக்கின் புளிப்பு பெரும்பாலும் லாக்டிக் அமிலம், தயிரைப் புளிக்க வைக்கும் அதே அமிலம். வாய் ஊறும், தொண்டை எரியாது. வினிகர்போலத் தொண்டையைச் சுட்டாலோ, நெயில் பாலிஷ் நெடி அடித்தாலோ யோசிக்காமல் கீழே ஊற்றிவிடுங்கள். கடையில் தேடும்போது லேபிளில் ‘அவுடே க்ரீக்’ என்று இருக்கிறதா பாருங்கள். பழைய முறைக்கு உரிய இந்தப் பெயருக்கு 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு இருக்கிறது.

வீட்டில் இருக்கும் பாட்டில் வெளிச்சம் படாத, குளிர்ந்த இடத்தில் பல வருடம் கெடாது. ஆனால் அவ்வளவு காலம் வைக்க வேண்டாம் என்பேன். செர்ரியின் மணம்தான் முதலில் விடைபெறும். பிறகு சிவப்பு செங்கல் நிறத்துக்கு இறங்கும். அதன் பின் நல்ல புளிப்பு பீர் மிச்சமிருக்கும், பழம் இருக்காது. ஓராண்டு, இரண்டாண்டுக்குள் திறந்துவிடுங்கள். அதே நண்பரைக் கூப்பிட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. 75 சென்டிலிட்டர் பாட்டில் என்றால் ஒருவருக்கு அதிகம், திறந்துவிட்டால் மறுநாளைக்கு நுரையும் போய்விடும்.